நேராகக் கேட்காத கேள்வி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. என் கால்வலியைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீயும் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. எழுத்து ஒரே கோணல், எங்கள் கான்வென்ட் மதர் பார்த்திருந்தால் மறுபடி எழுத வைத்திருப்பார், அழுதுகொண்டே எழுதியிருக்கிறாய் என்று தெரிந்ததால் நான் விட்டுவிட்டேன். கைக்குழந்தையோடு வந்த பெண்ணை நீ ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், அவள் பேச்சை உனக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் நர்ஸிடமே எல்லாக் கேள்வியும் கேட்டாய், அந்தப் பெண் மனம் நொந்து மருந்து வாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதனால் நீ டாக்டர் வேலைக்கே லாயக்கில்லையாம், மிச்சமுள்ள ஆறு வாரப் பயிற்சியை விட்டுவிட்டு வந்துவிடுவாயாம். செய்தது தப்புதான், பூசி மெழுக மாட்டேன். ஆனால் நீ விமானம் ஏறினால் அந்தக் குழந்தைக்கு மருந்து போய்ச் சேர்ந்துவிடுமா?

நீ அறியாத ஒன்று சொல்கிறேன். உன் அப்பாவின் கடைசி வாரத்தில் டாக்டர் வரும்போதெல்லாம் நான்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வேன், நல்லாத் தூங்கினார், வலியே இல்லை என்று. ஒருநாள் அப்பா என் கையைப் பிடித்து இழுத்து, ஏம்மா, படுத்திருக்கிறது நான்தானே, என்னையும் ஒரு வார்த்தை பேச விடேன் என்றார். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்து, நீங்க சும்மா இருங்க என்றேன். அவர் என்ன சொல்ல வந்தாரோ, இனி நான் யாரைக் கேட்பது? உனக்கு இன்னும் வழியிருக்கிறது. அந்தப் பெண்ணின் வீடு நர்ஸுக்குத் தெரியும் என்று நீயே எழுதியிருக்கிறாய். மருந்தோடு போ. குழந்தைக்கு எப்படியிருக்கிறது என்பதை அவர்கள் மொழியில் பழகிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்துக் கேள். வாசலில் நிற்க வைத்தால் நில், கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

அண்ணனுக்குப் புது ஆபீஸ் பிடித்திருக்கிறது. அண்ணி துணி காயப்போடக் கட்டிய கொடி தரையைத் தொடுகிறது, நான் வாயைத் திறக்கவில்லை.

ஆறு வாரத்தையும் முடித்துவிட்டு நிமிர்ந்து வா. கடவுள் உன் கைக்குத் துணையிருக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் அம்மாவுக்குக் கால்வலி எப்படி என்று அண்ணனிடம் விசாரிக்கிறாய். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறேன். என்னைக் கேள்.

ஆசிகளுடன்,
அம்மா