கூனைப்பூ கல்லீரலைக் காக்கும்

மார்ச் 4
கூனைப்பூ மாத்திரைக்கான துண்டுப் பிரசுரத்தை முடித்தேன். முள்செடியின் மொட்டு அது. தாமரை மொட்டுக்குக் கோபம் வந்த மாதிரி செதில் செதிலாக நிற்கிறது. அதன் இலையில் இருக்கும் சைனரின் என்ற பொருள் பித்தம் சுரக்க உதவுகிறதாம். கெட்ட கொழுப்பும் கொஞ்சம் இறங்குகிறதாம். கல்லீரலைப் பற்றிய ஆய்வுகளில் பாதி எலிகளோடு நின்றுவிடுகின்றன. அதனால் “கல்லீரலைக் காக்க உதவக்கூடும்” என்று எழுதினேன். மேலாளர் அதை அடித்தார்.
“உதவக்கூடும், கிதவக்கூடும்னு இழுத்தா எவன் வாங்குவான்? ‘காக்கும்’னு போடும்மா.”
போட்டேன்.

ஏப்ரல் 2
அண்ணன் வந்திருந்தான். இரண்டு வருடமாகக் கல்லீரலில் வைரஸ். தினம் ஒரு மாத்திரை. பிரசுரத்தைப் படித்துவிட்டு நாலைந்தைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான். பஸ் டிப்போவில் எல்லா டிரைவர்களுக்கும் காட்டுவானாம். “என் தங்கச்சி எழுதினதுடா!” கூனைப்பூ மாத்திரை இரண்டு டப்பா கேட்டான். டாக்டர் கொடுத்த மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவான் என்று நினைத்துக் கொடுத்தேன். கேட்கவில்லை.

மே 27
அண்ணி போன் செய்தாள். “கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. சீக்கிரம் வா.”
ஆஸ்பத்திரி. டாக்டரின் முதல் கேள்வி: “மருந்தை எப்ப நிறுத்தினார்?” எனக்குப் புரியவில்லை. அண்ணன்தான் மெதுவாகச் சொன்னான்.
“ஏழு வாரம் ஆச்சு. அது குமட்டுது. இதுதான் கல்லீரலைக் காக்குமே, ரெண்டும் எதுக்குன்னு விட்டுட்டேன்.” என்னைப் பார்த்துச் சிரித்தான். “நீ தப்பா எழுதுவியா?”

மே 28
எழுத வரவில்லை.

மே 30
நினைவு தப்பித் தப்பி வருகிறது. வராந்தாவில் டாக்டரை நிறுத்திக் கேட்டேன் — கூனைப்பூவா இப்படிச் செய்தது?
“அது ஒண்ணும் விஷமில்லம்மா. மருந்தைத் திடீர்னு நிறுத்தினதுல வைரஸ் கிளம்பிடுச்சு.”
ஆறுதலாகத்தான் சொன்னார். நிறுத்த வைத்தது எது? அதற்கு எந்த ரத்தப் பரிசோதனை இருக்கிறது?

ஜூன் 3
போயிட்டான். காலையில ஏழு மணிக்கு. நான் கேன்டீன்ல இருந்தேன். அண்ணா, நான் டீ குடிச்சிட்டு இருந்தேன்டா —

ஜூன் 16
வேலைக்குப் போனேன். பிரசுரம் தீர்ந்துவிட்டது, மறுபடி அச்சுக்குப் போகிறது. “அந்த வரியை மட்டும் பழையபடி மாத்தணும் சார்” என்றேன். மேலாளர் என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார், பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். வரியை மாற்றவில்லை. மதியம் ராஜினாமா கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் “சொந்தக் காரணங்கள்” என்று எழுதினேன். அங்கேயும் உண்மையை எழுதத் துப்பில்லை.

ஜூலை 12
அண்ணி வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும், மேலாளர் அடித்த வார்த்தையைக்கூட, சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சொன்னேன். அவள் திட்டவில்லை, அழவில்லை. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.
“பாத்துப் போங்க” என்றாள்.
பதினான்கு வருடத்தில் அவள் என்னை ‘வாடி, போடி’ என்றுதான் சொல்லியிருக்கிறாள்.