குட்டையனும் என் கட்டைவிரலும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம். வழக்கத்துக்காக எழுதும் வரி இல்லை இது, நிஜமாகவே நலம். எழுத்து கொஞ்சம் கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். வலது கையால் நானே எழுதுகிறேன். அப்பாவைச் சொல்லி எழுத வைக்கவில்லை. அவர் உனக்குச் சொன்னதெல்லாம் போதும்.

அதையே முதலில் பேசிவிடுகிறேன். "உங்கம்மாவால ஒரு டம்ளரைக்கூடத் தூக்க முடியல" என்று உன்னிடம் போனில் மூக்கை உறிஞ்சினாராமே! அது மாவுக்கட்டு பிரித்த புதிதில் நடந்த கதை. உன் அப்பாவுக்கு எந்தச் செய்தியும் ஆறி அவலாகிப் போன பிறகுதான் வாயில் வரும். அதைக் கேட்டுவிட்டு நீ, மாதக் கடைசியில் துறைமுகத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொள்ள வந்துவிடுவதாகச் சொன்னாயாம். கிரேன் பயிற்சியில் ஒரு இடம் கிடைக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா? பேனாவைக் கீழே வை. இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படி. அப்புறம் உன் இஷ்டம்.

கட்டுப் பிரித்தபோது கை நன்றாக இல்லை என்பது உண்மைதான். பார்லரில் தலை கழுவும் இடத்தில் வழுக்கி விழுந்தவளுக்கு மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது, ஆனால் கட்டைவிரல் மரக்கட்டை மாதிரி நின்றுவிட்டது. முடி வெட்டுகிறவளுக்குக் கட்டைவிரல்தான் எல்லாம். கத்திரியில் மற்ற விரல்கள் சும்மா பிடித்துக்கொண்டிருக்கும், அசைந்து வேலை செய்வது அது ஒன்றுதான். பிசியோதெரபிப் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "அம்மா, டிவி பாத்துக்கிட்டே அமுக்கிட்டு இருங்க, போதும்" என்றாள். அந்தப் பந்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் ஜன்னல் வழியாக அது தானாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று ஏறி, உன் வீடியோ கேம் பெட்டியை இறக்கினார். உன் மாமா வாங்கிக் கொடுத்த அதே சாம்பல் நிறப் பெட்டி. இரண்டு ஜாய்ஸ்டிக், நீ மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய கேசட்டுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒவ்வொரு தடவை வெள்ளையடிக்கும்போதும் "அதை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க" என்று நீ போனில் கத்தியதற்குப் பலன். ஜாய்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்தேன். வலது கட்டைவிரல் தன்னால் அந்தச் சிவப்பு பட்டன்மேல் போய் உட்கார்ந்தது. அமுக்கினேன், வலித்தது. மறுபடி அமுக்கினேன். பந்தில் வராத ஆசை இதில் வந்துவிட்டது.

ஆனால் அதை இந்தப் புது டிவியில் மாட்ட இடமே இல்லை. டிவி ரிப்பேர் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். தலையில் பாதி நரைத்த மனிதர், பெட்டியைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஆகிவிட்டார். "இதெல்லாம் இப்ப தேடித் தேடி வெச்சு விளையாடறாங்கம்மா, குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு, கடை ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்கே வந்து, நடுவில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து இணைத்துக் கொடுத்தார். கேசட்டை நீ ஊதுவாயே, அப்படி ஊதக் கூடாதாம், எச்சில் பட்டால் அடியில் இருக்கும் பித்தளைப் பற்கள் கெட்டுவிடுமாம். பார்லர் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன், பளிச்சென்று படம் வந்தது. சரியாக வருகிறதா என்று பார்க்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவர் மனைவி போன் செய்து எங்கே என்று கேட்டபோது, "முக்கியமான ரிப்பேர்" என்றார்.

அன்று ஆரம்பித்ததுதான். முதலில், ஆட்டத்தில் ஓடிக் குதிக்கிற அந்தப் பச்சைச் சட்டைக் குட்டையன் என்னிடம் படாத பாடு பட்டான். முதல் பள்ளத்திலேயே விழுவான். என் விரல் அமுக்குவதற்குள் அவன் போய்ச் சேர்ந்துவிடுவான். குதிக்கும்போது ஜாய்ஸ்டிக்கோடு சேர்ந்து நானும் சோபாவிலிருந்து எழும்பினேன். நீ சின்ன வயதில் அப்படி எழும்பும்போது "கண்ணு அவிஞ்சு போயிடும், அணைச்சுத் தொலை" என்று கத்தியவள்தான் நான். கண் ஒன்றும் அவியவில்லை. முதலைகள் இருக்கும் ஆற்றைத் தாண்டிய அன்று நான் போட்ட சத்தத்தில் மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்து, எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

உன் அப்பாவும் கார் ரேஸ் கேசட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தனை வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டியவர் இல்லையா, வளைவு வந்தால் வேகத்தைக் குறைக்கிறார், பின்னால் வருகிற எல்லாருக்கும் ஒதுங்கி வழி விடுகிறார். எப்போதும் கடைசிதான். அது பந்தயம் என்று சொல்லிப் பார்த்தேன். "பந்தயம்னா அவசரமா போகணும்னு யார் சொன்னது?" என்கிறார்.

ஒரு பெரிய சண்டையும் நடந்தது. குட்டையனோடு கடைசிப் பக்கம் வரும் பனிக்கோட்டை வரை போய்விட்டேன். அந்தப் பெட்டியில் எதையும் சேமித்து வைக்க முடியாதே, அணைத்தால் மறுபடி முதலிலிருந்துதானே? அதனால் நீ செய்த மாதிரியே ஆட்டத்தை நிறுத்தி வைத்து, டிவிமேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு பிசியோதெரபிக்குப் போனேன். திரும்பி வந்தால் மொத்தமும் இருட்டு. உன் அப்பாவுக்கு எரிகிற விளக்கைக் கண்டால் கை சும்மா இருக்காதே, எல்லா ஸ்விட்சையும் அணைத்திருக்கிறார். அவர் உனக்கும் இதையே செய்து, நீ சாப்பிடாமல் படுத்தது ஞாபகம் இருக்கிறதா? நான் படுக்கவில்லை, சமைப்பதை நிறுத்திவிட்டேன். இரண்டு வேளை ரொட்டியைத் தின்ற பிறகு அந்த ஸ்விட்ச்மேல் "தொடாதே" என்று தன் கையாலேயே எழுதி ஒட்டினார். உன் பயிற்சியும் இப்படித்தானே? பாதியில் விட்டால் அடுத்த பேட்ச்சோடு முதலிலிருந்து வர வேண்டும், அதுவும் இடம் இருந்தால்தான் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

கையைப் பற்றிச் சொல்கிறேன். போன வாரம் பிசியோதெரபிப் பெண் என் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "பந்து நல்லா வேலை செஞ்சிருக்கு பாருங்க" என்று பெருமைப்பட்டாள். பாவம், அவள் சந்தோஷத்தை நான் கெடுக்கவில்லை. அங்கிருந்து நேராக பார்லருக்குப் போனேன். என் நாற்காலியில் இன்னொரு பெண்ணைப் போடும் யோசனை ஓனரம்மாவுக்கு இருந்தது, அதில் தப்பு சொல்ல முடியாது. "முடியுமா உன்னால?" என்று கேட்டார். எந்தத் தலையையாவது கொடுங்கள் என்றேன். அவரே போர்வையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அடுத்தவர் தலையைக் கொடுத்துப் பார்க்கும் ஆள் இல்லை அவர்.

கத்திரியை எடுத்தேன். முதல் வெட்டு பயந்து பயந்து. அப்புறம் அந்தச் சத்தம் வந்தது பார், சரக் சரக் என்று சீராக, எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்டி முடித்துக் காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் முடியை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். ஒரு நூல் வித்தியாசம் இல்லை. ஓனரம்மா கண்ணாடியில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை வந்துடு. மத்தியானம் வரைக்கும் செஞ்சா போதும்" என்றார். வரும் வழியெல்லாம் நான் நடக்கவே இல்லை, மிதந்தேன்.

ஆகவே உன்னைக் கூப்பிட்டுப் பார்க்க வைக்கும் அளவுக்கு இங்கே நோயாளி யாரும் இல்லை. நீ கிரேன் மேலே கூண்டுக்குள் உட்கார்ந்து இரண்டு கையிலும் கைப்பிடியோடு அனுப்பிய படத்தை, வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமையிலிருந்து பார்லரில் முடி வெட்டிக்கொள்ள வருகிற ஒருத்தி விடாமல் காட்டிக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டில் இத்தனை உயரம் ஏறியவர் வேறு யாரும் இல்லை. பரீட்சையை முடி, சான்றிதழை வாங்கு, விடுமுறை கிடைத்தால் அப்போது வா.

இவ்வளவையும் போனில் சொல்லாமல் ஏன் கூரியரில் அனுப்புகிறேன் என்று கேட்பாய். நீ வருகிறாய் என்று அப்பா சொன்னபோது, கோபத்துக்கு முன்னால் எனக்கு வந்தது சந்தோஷம்தான் மகளே. உன் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டுவிட்டு வந்துதான் அவரைத் திட்டவே ஆரம்பித்தேன். போனில் பேசினால் வாய் "வராதே" என்று சொன்னாலும் குரல் "வா" என்று சொல்லிவிடும். காகிதத்துக்குக் குரல் இல்லை. நான் எழுதியிருப்பதை மட்டும் படி.

நேரத்துக்குச் சாப்பிடு. உயரத்தில் இருக்கும்போது கீழே பார்க்காதே என்று சொல்ல முடியாத வேலை உன்னுடையது, அதனால் நன்றாகப் பார்த்து இறக்கு. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்க அவசரமே இல்லாத
அம்மா