புழுதியில் விதைக்கிறேன்

அன்பு மகனுக்கு,

நீ இருக்கும் சென்னை மூழ்கியதற்கு மறுவருஷம், ஐநூறு ரூபாய் நோட்டு செல்லாது என்றார்களே, அந்த வருஷம் நம் கண்மாயில் நாய் நக்கக்கூடத் தண்ணீர் இல்லை. எனக்கு எதுவும் மறக்கவில்லை.

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால் நான் சொல்லச் சொல்லத் தபால்கார அம்மா எழுதுகிறார்.

"பசிபிக் கடலோட மேல்தண்ணி சூடானா நமக்கு ஐப்பசி மழ கூடும்ப்பா, குளுந்தா கொறையும். இந்த வருஷம் குளுந்து கெடக்கு. வெதைக்காதீங்க, நெலத்த வித்துட்டு இங்கிட்டு வந்துருங்க" என்றாய். கடலைப் பற்றி நீ சொன்னதை நம்புகிறேன். சூடான வருஷம் சென்னை மூழ்கியது, குளிர்ந்த வருஷம் நாங்கள் காய்ந்தோம். ஆனால் குறைந்த மழை பெய்தாலும், விதை மண்ணில் கிடந்தால்தானே முளைக்கும்?

புரட்டாசி பிறந்துவிட்டது. இரண்டு வீட்டாராவது விதைத்தால்தான் ஊர் மாட்டைக் கட்டிப்போடுவார்கள். அது நம் ஊர் வழக்கம், உனக்கே தெரியும். டீக்கடையில் சிரிக்கிறார்கள்.

"ஒத்த ஆளா வெதச்சு ஊர் மாட்டுக்கு விருந்து வைக்கப் போறீங்களா, பெருசு?"

அந்தக் காய்ந்த வருஷத்திலும் என்னோடு துணிந்து விதைத்தவர்களில் உன் ஆத்தா இன்று உயிரோடு இல்லை. அதை விடு. மற்றவர்களும் போய்விட்டார்கள். உயிரோடு இருப்பது ஒரே ஒருவர்தான். நேற்று அவர் வாசலில் போய் நின்று கேட்டேன்.

"கடலு குளுந்தா குளுந்துட்டுப் போகுது சம்பந்தி. நாளைக்கே டிராக்டரச் சொல்லுங்க, ரெண்டு வயலையும் ஒண்ணா உழுதுருவோம்" என்றார்.

விதைக்கக்கூடாது என்று இனி அவரிடம் சொல்லிப் பார், உன் மாமியார் பிச்சையம்மாளிடம்.

உன் அப்பா