ஆற்றங்கரையில் இல்லாத ஊர்

அன்புள்ள அப்பாவுக்கு,

திங்களன்று அலுவலகத்தில் நான் சொல்லாமல் விட்டது இது: “அந்த ஊர் இப்போது அங்கே இல்லை.” கவலைப்படாதீர்கள், சின்ன விஷயம்தான். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ஹொண்டுராஸின் மலை மாவட்டம் ஒன்றைப் பற்றிக் கலைக்களஞ்சியத்துக்கு எழுதினோம். அதன் தலைமை ஊரை வெள்ளம் கொண்டுபோய்ப் பத்து வருடம். மக்கள் மேட்டில் புது ஊர் கட்டிவிட்டார்கள். பதிப்பாசிரியர் தர்மேந்திரன் இங்கே லண்டனில் மோர்டனைத் தாண்டாத நிபுணர். பழைய பதிப்பைப் பார்த்து ஊரை ஆற்றங்கரையிலேயே வைத்தார்.

“பிள்ளை, அங்கையிருந்து ஆர் வந்து கேக்கப்போறாங்கள்?” என்று சிரித்தார். நம் ஊரைப் பற்றியும் இப்படி ஒரு மேதைதான் எழுதியிருப்பார். என் விசாவுக்கு அவர் கையெழுத்து வேண்டும். “ஓம், சரி” என்றேன்.

பனங்கட்டி அனுப்புங்கள். ஞாயிறுகளில் தனியேதான் தேநீர் குடிக்கிறேன்.

பவளக்கொடி

பி.கு. வெள்ளியன்று புத்தகம் அச்சானது. அந்த மாவட்டத்தைப் பற்றிய குறிப்பை எழுதியவராக என் பெயர் இருக்கிறது.