வளைவில் வரும் சத்தம்

அண்ணாச்சியின் கேரவன் திங்கட்கிழமை காலையில் மறுபடியும் நம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. கதவைத் திறந்தேன். சமையல் கேஸ், ஊதுபத்தி, ஈரத்துண்டு, எங்கோ அடியில் ஒளித்துவைத்த கருவாடு, நான்கும் கலந்த அந்த வாடை முகத்தில் அடித்தது. அந்த வாடை அடிக்கிற வண்டி நமக்குத் தெரிந்து ஒன்றுதான். உடனே உன் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்த கையோடு வயிற்றெரிச்சலும் வந்தது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. போனவன் மேல் இன்னும் வயிறெரிகிறவன் இந்தச் சாத்தூர் வட்டாரத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அண்ணாச்சி இறங்கினார். எதிரிலேயே நான் நிற்கிறேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"வளைவுல திரும்புனா 'டொக்'குனு ஒரு சத்தம். அவரு இருந்திருந்தா இந்நேரம் சொல்லியிருப்பாரு. சரி, நீங்க பாருங்க. வெள்ளிக்கெளம குடும்பத்தோட மைசூர் போறோம். முடியலைன்னா சொல்லிருங்க, மதுரைக்கு அனுப்பிருதேன்."

முடியலைன்னா சொல்லிருங்க! உன்னிடம் ஒரு நாளாவது அவர் அப்படிச் சொன்னதுண்டா? வண்டி எப்படிப் போனால் எனக்கென்ன, இந்த ஒரு சத்தத்திலாவது உன்னை ஜெயித்துவிட வேண்டும் என்று அந்த இடத்திலேயே வைராக்கியம் வந்தது.

நீயும் நானும் சேர்ந்துதான் பைபாஸ் ஓரம் இந்தத் தகரக் கொட்டகையைப் போட்டோம். ஒரே வயசு, ஒரே இடத்தில் தொழில் பழகியவர்கள். எஞ்சினைப் பிரித்துக் கோத்தால் என் கைதான் சுத்தம் என்று நீயே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறாய். ஆனால் வண்டிக்காரர்கள் வாசலில் நின்று கேட்டது, சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிற உன்னைத்தான். "காதுக்காரரு இருக்காரா?" நான் உடம்பெல்லாம் ஆயிலோடு வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, வெளியே போயிருக்கிறான் என்பேன். "அப்பச் சரி, பெறகு வாரேன்" என்று போய்விடுவார்கள். நான் என்ன, அங்கே கிடக்கிற ஜாக்கியா?

வீட்டிலும் இதே கதைதான். எங்கள் கிரைண்டர் ஒரு நாள் கடகடவென்றது. நான் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்காரும்போதே என் வீட்டுக்காரி, "நீங்க கழட்டிப் போட்றாதீக. அண்ணன ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்" என்றாள். நீ வந்தாய். காபி குடித்தாய். கிரைண்டர் பக்கமே போகாமல், "தங்கச்சி, அடியில ஒரு கால் ரப்பர் போயிருக்கு, அட்டைய மடிச்சு வையி" என்றாய். வைத்தாள், சத்தம் நின்றது. அந்த மாவில் சுட்ட தோசையை நான் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன். உண்மையிலேயே சரியாக இல்லைதான்.

அண்ணாச்சி இந்தக் கேரவனைக் கட்டியது நாலு வருடத்துக்கு முன்னால். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் மூடிக்கிடக்கிற நாட்களில் குடும்பத்தோடு ஊர் சுற்ற வேண்டும் என்று அவருக்கு ஆசை. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சாமி அலமாரி எல்லாம் வெளியூரில் கட்டி வந்தது. அடிப்பக்க வேலை மட்டும் நம்மிடம் வந்தது. உன் மகள் பிரசவத்துக்காக நீ அப்போது தூத்துக்குடியில் இருந்தாய். நீ வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நான் கேட்டு வாங்கிய வேலை அது. இந்த ஒரு வண்டியாவது என் வண்டி என்று பேர் வாங்கட்டுமே என்று நினைத்தேன்.

முதல் பயணம் ராமேஸ்வரம். போய்வந்த கையோடு அண்ணாச்சி வந்து நின்றார். ஓடும்போது அடியில் எங்கோ கிணிகிணியென்று சத்தமாம். சக்கரம் கழன்று ஓடிவிடுமோ என்று அவர் வீட்டு அக்கா வழியெல்லாம் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாளாம். மூன்று நாள் வண்டிக்கு அடியில் கிடந்தேன். ஸ்பிரிங் பட்டை புஷ் மாற்றினேன், சென்டர் பேரிங் மாற்றினேன். நான் தனியாக ஓட்டிப் பார்த்தால் ஒரு சத்தமும் இல்லை. அவர்கள் குடும்பத்தோடு ஏறினால் கிணிகிணி.

நாலாம் நாள் நீ பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் பையோடு நேரே வந்தாய். அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளே ஏறிப் படுக்கையில் உட்கார்ந்துகொண்டு அக்காவிடம் கதை கேட்க ஆரம்பித்தாய்.

"ஏக்கா, சத்தம் வாரப்ப வண்டியில எத்தன பேரு? தொட்டியில தண்ணி எம்புட்டு?"

"எல்லாரும் இருப்போம். தண்ணி நெறயா இருக்கும்."

நீ என் பக்கம் திரும்பினாய். "ஏலே, தொட்டிய நெப்பு."

எதிரே கம்பெனி வேனுக்காகப் பெண்கள் பத்துப் பேர் தூக்குவாளியோடு நின்றார்கள். அவர்களைக் கையைத் தட்டிக் கூப்பிட்டாய். "வாங்க தாயி, கம்பெனி வாசல்லயே எறக்கிவிடுதேன், ஏறுங்க." அவர்கள் சிரிப்பும் கூத்துமாக ஏறினார்கள். ஒருத்தி மெத்தையில் நீட்டிப் படுத்துப் பார்த்து, "இம்புட்டு சொகமாவாடி வேலைக்குப் போறது!" என்றாள். ஏழாயிரம்பண்ணை ரோட்டில் வண்டி ஏறியதும் கிணிகிணி கேட்டது. நீ கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தாய். நிறுத்தச் சொன்னாய். இறங்கி அடியில் ஒரு தடவை குனிந்தாய்.

அடியில் இருந்தது எர்த்துச் சங்கிலி. நான் மாட்டியது.

இதை உனக்கு விளக்க வேண்டியதில்லை. எழுதினால்தான் என் முட்டாள்தனம் எனக்கே முழுசாகத் தெரிகிறது. நம்மிடம் வருவதில் முக்கால்வாசி பட்டாசு லோடு ஏற்றுகிற வண்டிகள். ஓட்டத்தில் வண்டியில் ஏறுகிற கரண்டு மண்ணுக்கு இறங்க வேண்டும் என்று அடியில் தரை தொடுகிற மாதிரி ஒரு சங்கிலி மாட்டுவோம். சங்கிலி இல்லாத வண்டியைக் கம்பெனி கேட்டில் விடமாட்டார்கள். அதையே மாட்டி மாட்டிப் பழகிய கை, மெத்தையும் அடுப்பும் இருக்கிற வண்டிக்கும் யாரும் கேட்காமலே ஒன்றை மாட்டிவிட்டது. கேரவன் கொஞ்சம் உயரம். அதனால் காலி வண்டியில் சங்கிலி தரைக்கு ஒரு விரற்கடை மேலே தொங்கும். தொட்டி நிறைந்து ஆட்கள் ஏறினால் வண்டி தாழ்ந்து சங்கிலி தார் ரோட்டை உரசும். மூன்று நாளும் அது என் மூக்குக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி என்றால் சங்கிலி இருக்கும் என்று பழகிய கண்ணுக்கு அது தப்பாகவே தெரியவில்லை.

நீ அதைக் கழற்றி வேட்டி மடிப்பில் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாய். கூட வந்திருந்த அண்ணாச்சியிடம், "ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இவன் போட்ட பேரிங் செட்டாக ரெண்டு நாள் எடுத்திருக்கு. இப்பச் செட்டாயிருச்சு. வேலை சுத்தமா இருக்கு" என்றாய். சாயங்காலம் சங்கிலியை என் முன்னால் போட்டு, "பழக்கதோசம்லே. எனக்கும் கை போயிருக்கும்" என்றாய்.

உனக்குப் போயிருக்காது. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நீ அண்ணாச்சி முன்னால் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். காப்பாற்றினாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அப்படிக் காப்பாற்றியும் எனக்கு என்ன கிடைத்தது? அவர் வந்தார், மெத்தையில் உட்கார்ந்தார், சத்தம் போய்விட்டது என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. ஆறு மாதம் நான் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ தினமும் எனக்கும் சேர்த்து டீ சொல்லிக்கொண்டிருந்தாய்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அச்சங்குளத்திலிருந்து ஏழாயிரம்பண்ணை வரைக்கும் உள்ள டிரைவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். ஆளுக்கு ஒரு சத்தக் கதை சொன்னார்கள். நான் அழுதேன், நிஜமாகவே அழுதேன். அழுதுகொண்டே, நான் செத்தால் இத்தனை பேர் வருவார்களா என்று கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தேன். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

சரி, இந்த வாரக் கதைக்கு வருகிறேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அடியில் கிடந்தேன். வளைவில் வருகிற சத்தம் என்பதால் ஸ்டியரிங், கிங் பின், பட்டை எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தேன். எல்லாம் கல் மாதிரி இருந்தன. புதன்கிழமை வெட்கத்தை விட்டு உன் வழிக்கு வந்தேன். தொட்டியை நிரப்பினேன். அண்ணாச்சி, அக்கா, மருமகள்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வளைவாகப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். வந்துகொண்டிருந்த சத்தமும் நின்றுபோனது. உன்னைக் காப்பியடித்தாலும் எனக்கு மட்டும் ராசியில்லை என்று ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன்.

அக்காதான் பின்னாலிருந்து சொன்னாள். "காலையில கெளம்புறப்ப வராதுண்ணே. மத்தியானம் சமைச்சு, ஏனமெல்லாம் களுவி முடிச்சுக் கெளம்புனாத்தான் வருது."

கேரவனைப் பற்றி நீ சொல்வாயே, "வீட்டுச் சத்தமா வண்டிச் சத்தமா, மொத அதப் பிரி" என்று. இரண்டு நாளாக நான் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரமாக நிறுத்திப் பாதித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அண்ணாச்சி மகனை ஓட்டச் சொல்லிவிட்டு மெத்தையில் படுத்துப் பலகையில் காதை வைத்தேன். முதல் வளைவில் 'டொக்'. இரண்டாவது வளைவில், அந்த 'டொக்'குக்கு முன்னால் சின்னதாக ஒரு உருளல். பிளாஸ்டிக் மேல் இரும்பு உருளுகிற சத்தம். என் காதுக்குள் விழுந்தது, யாரும் சொல்லித்தராமல் விழுந்தது. "நிறுத்து, நிறுத்து" என்று சின்னப்பிள்ளை மாதிரி கத்தினேன்.

மெத்தையைத் தூக்கிப் பலகையைக் கழற்றினேன். கீழே தண்ணீர்த் தொட்டி. அதன் மேல் ஒரு பதினேழு நம்பர் ஸ்பானர். தொட்டி நிறைந்திருந்தால் உப்பிக்கொண்டு ஸ்பானரைப் பலகையோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் குறைந்தால் தொட்டி தளர்ந்துவிடும், வளைவில் ஸ்பானர் உருண்டு போய் இடிக்கும்.

கைப்பிடியில் பச்சை டேப் சுற்றியிருந்தது. என் சாமானோடு கலந்துவிடக் கூடாது என்று உன் ஸ்பானர்களுக்கு மட்டும் நீ சுற்றுகிற டேப். நீ போவதற்குப் பத்து நாள் முன்னால் அந்தத் தொட்டிக்கு கிளாம்ப் மாற்றியது நீதான். நான் அன்று கல்யாண வீட்டுக்கு விருதுநகர் போயிருந்தேன். அதற்குப் பிறகு வண்டி ஷெட்டிலேயே நின்று, போன மாதம்தான் கொடைக்கானலுக்குக் கிளம்பியது.

நீ மறந்துவிட்டிருக்கிறாய். நீ! எனக்கு அம்புட்டு சந்தோஷம். இத்தனை வருடமும் நான் காத்திருந்தது இதற்குத்தான்.

"அண்ணாச்சி, பாருங்க. இது நம்மாளு உள்ள வச்சு மறந்தது" என்று ஸ்பானரை நீட்டினேன்.

அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவரா? அவரு மறக்கிற ஆளா? நீங்கதான் எப்பவாச்சும் வச்சிருப்பீக."

"பச்ச டேப்பு அவன் அடையாளம் அண்ணாச்சி. கிளாம்ப் மாத்துன அன்னைக்கு நான் ஊர்லயே இல்ல."

"டேப்பு யாருஞ் சுத்தலாம்."

அக்கா குறுக்கே வந்தாள். "விடுங்கண்ணே. சத்தத்தக் கண்டுபிடிச்சிட்டீகள்ல, அது போதும். போனவரு மேல பழியப் போடாதீக."

நான் செய்த தப்பு வெளியே தெரியாமல் போனது உன்னால். நீ செய்த தப்பு வெளியே தெரியாமல் போவதும் உன்னால். இதில் எனக்கு எங்கே இடம்? மருமகள்கள்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "ஆமாக்கா, நாந்தான். மறந்து வச்சிட்டேன்" என்றேன். கோபத்தில் சொன்னது. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினார். "பரவாயில்ல, கூடவே இருந்ததுல அவரு காது உங்களுக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை வண்டி மைசூருக்குக் கிளம்பிப் போய்விட்டது. நேற்று ஒரு லோடு வண்டிக்காரன் வந்து, "சத்தம் பாக்கிறவரு நீங்கதானா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். ஆமாம் என்றேன். காதைப் பற்றி உன்மேல் இருந்த எரிச்சல் அதோடு அடங்கியிருக்க வேண்டும். அடங்கத்தான் செய்தது, பொய் சொல்லவில்லை.

இப்போது எரிவது வேறு ஒன்றுக்கு. அன்று ஏழாயிரம்பண்ணை ரோட்டில் உன்னை யாரும் நெருக்கவில்லை. சங்கிலியைக் கையில் தூக்கிக் காட்டியிருந்தால் உன் பேர் இன்னும் ஏறியிருக்கும், நானும் தொலைந்திருப்பேன். வண்டிக்கு அடியில் குனிந்து நிமிர்கிற நேரத்துக்குள் அதை மறைத்துவிட வேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. பச்சை டேப்பைப் பார்த்ததும் யாரிடம் முதலில் சொல்லலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவே இல்லை, நீ உயிரோடு இல்லாதபோதும் தோன்றவில்லை. உனக்கு மட்டும் எப்படிலே தோணுச்சு?