புஸ்தகத்தோடு ஊர் சுற்றும் பேத்தி

இலுப்பூர்
25-7-63

சௌபாக்கியவதி மகள் பிரகதாம்பாளுக்கு ஆத்தா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி செவந்தியும் சுகமாக இருக்க மாரியம்மன் காப்பாள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் நாகராசு மகன் நல்லதம்பி எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவதாக வந்திருக்கிறான். மகள் முனியாயி ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள், இந்த வீட்டில் படிப்பில் என்னைத் தாண்டிய பெண்களில் நீ முதல், அவள் இரண்டாவது. சின்னவன் பதினாறாம் வாய்ப்பாட்டை மேலிருந்தும் சொல்கிறான் கீழிருந்தும் சொல்கிறான், எனக்குப் பன்னிரண்டோடு சரி.

என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். சித்திரையிலிருந்து ஐந்து புஸ்தகம் முடித்தேன். சிறையிலிருந்து தப்பும் ராணி கதைக்கு இரண்டு தரம் அழுதேன். கப்பல் யாத்திரைப் புஸ்தகத்தைப் பாதியில் விட்டுவிட்டேன், எந்தப் பக்கம் திறந்தாலும் ஒரே தண்ணீர். போன வாரம் புதுக்கோட்டை கீழராஜவீதியில் புதிதாக மூன்று வாங்கினேன், ஒரு துப்பறியும் கதை, ஒரு கைவைத்தியம், காசிக்குப் போய்வந்த ஒரு அம்மாள் எழுதியது ஒன்று. அஞ்சாப்பு படிச்சவளுக்கு ஒரே நேரத்துல மூணு கேக்குதோ என்றார் உன் அப்பா. மூணு வயலு வச்சிருக்கீங்களே, ஒண்ணு வெளஞ்ச பெறகா இன்னொண்ணுல நடுறீங்க என்றேன். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் மூன்றில் ஒன்றும் ஓடவில்லை. நாலு பக்கம் படிக்கிறேன், எழுந்து வாசலுக்குப் போகிறேன், தபால்காரர் வருகிறாரா என்று பார்க்கிறேன், திரும்பி வந்தால் எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. நீ அனுப்பிய செவந்தி படத்தைத் தொலைத்துவிட்டேன், கோபப்படாதே. படிக்கிற புஸ்தகத்தில் அடையாளத்துக்கு அதைத்தான் வைப்பேன். திறந்ததும் அவள் சிரிப்பாள், அப்புறம்தான் கதை. ராணி கதை முடிந்த வேகத்தில் படத்தை எடுக்காமல் லைப்ரரியில் கொடுத்துவிட்டேன். மறுநாள் ஓடினால், புஸ்தகப் பெட்டி நேத்தே திருவரங்குளம் போயிருச்சு ஆத்தா, மூணு மாசத்துக்கு ஒருதரம் ஊர் மாத்துவோம்ல என்கிறார் லைப்ரரி இன்னாசி.

நாகராசு திருவரங்குளம் போய் விசாரித்தான். அங்கே மூக்காயி என்று ஒரு டீச்சர் அதை வாங்கிப் படித்திருக்கிறாள். ஆமாங்க, எடது கன்னத்துல மை வச்ச புள்ள, எனக்கும் கடைசி வரைக்கும் அவதாங்க அடையாளம், முடிச்சதும் உள்ளேயே வச்சுக் குடுத்துட்டேன் என்றாளாம். அவளுக்குப் பிறகு வாங்கியவள் புதுப்பெண். ஆடிக்குத் தாய்வீடு போகிறபோது கையோடு பொன்னமராவதிக்குக் கொண்டுபோய்விட்டாள், ஆவணியில்தான் வருவாளாம். அம்மாயி வீட்டை இன்னும் பார்க்காத பிள்ளை அதற்குள் இரண்டு ஊர் பார்த்துவிட்டாள். நீதான் மூன்று ஆடியாக வரவில்லை.

யார் யார் கண் படுகிறதோ என்று வெள்ளிக்கிழமை மிளகாய் எடுத்தேன். பிள்ளை இல்லாமல் எதைச் சுற்றுவது, உன் கடிதத்தைச் சுற்றிப் போட்டேன். நீயும் அங்கே ஒரு தரம் சுற்றிப் போடு. உன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, பேத்தி எங்கே என்றால் புஸ்தகத்துக்குள்ளே தூங்குறா என்கிறேன். அதெல்லாம் கூடப் பெரிதில்லை. மை இடது கன்னம் என்று மூக்காயி சொல்கிறாள், நான் வலது என்றே நினைத்திருந்தேன். நேரில் பார்க்காத முகம், படமும் போனால் எனக்கு மறந்துவிடும் போலிருக்கிறது, அதுதான் என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை.

பிள்ளைக்குக் காற்று படாமல் காதை மூடு, மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் மூவரும் நிறைந்த ஆயுசோடு இருக்கவேண்டும். இப்போது நடக்கிறாளே, நிற்கவைத்துப் புதுப் படம் எடுத்து உடனே தபாலில் போடு. இரண்டாகப் போடு. ஒன்றை உன் அப்பா சுவரில் மாட்டட்டும். மற்றது எனக்கு, இனிமேல் புஸ்தகத்தில் வைக்கமாட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். அதனால் அதன் பின்பக்கம் நம் வீட்டு விலாசத்தை எழுதி அனுப்பு. எந்த ஊர் போனாலும் இலுப்பூருக்குத்தான் திரும்பி வரவேண்டும் என்று தெரியட்டும்.

உன் ஆத்தா,
அழகம்மாள்