சரிஞ்சு கிடக்கணும்

7-1-2025, செவ்வாய்

கடலைக்குத் தண்ணீர் விட்டேன். வெள்ளை மாடு சினைக்கு நிற்கவில்லை. தினமும் நாலு வரி எழுத வேண்டும் என்று ஆனந்தகுமார் வாத்தியார் சொல்லியிருக்கிறார். எழுத்துப் படித்து ஆறு மாதம்தான் ஆகிறது. இதை எழுதி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது. ஆறட்டும். பொங்கியண்ணன். இது நானே எழுதியது.

10-1-2025

கிருத்திகாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். என் கடைசி மகள். பொள்ளாச்சியில் கட்டிக் கொடுத்தது. தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்திருக்கிறாள். இது எட்டாவது மாதம். பஸ்ஸின் நெற்றியில் தமிழிலும் எழுதியிருந்த பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். கொ-ழி-ஞ்-சா-ம்-பா-றை. எத்தனை கஷ்டமான எழுத்துகளை ஒரே ஊருக்கு வைத்திருக்கிறார்கள்!

"அப்பா, மெதுவாப் படிங்க. எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். பார்க்கட்டுமே.

ஸ்கேனில் குழந்தையின் தலை மேலே இருக்கிறதாம். வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பிரசவத்துக்குள் தலை கீழே வந்துவிட்டால் நல்லது, வராவிட்டால் ஆபரேஷன் ஆகலாம் என்றார்கள். கிருத்திகாவின் முகம் சுருங்கிவிட்டது.

நர்ஸ் ஜிஸ்மி கோட்டயத்துப் பக்கத்துப் பெண், இங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. "பேடிக்கண்டா. சரிஞ்ஞு கிடக்கணம், கேட்டோ" என்றாள். கிருத்திகா படித்தது தமிழ் மீடியம், போனது பொள்ளாச்சி. என் முகத்தைப் பார்த்தாள். நான் புரிந்துவிட்டது என்று தலையாட்டி நர்ஸிடம், "மனசிலாயி" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து, "பயப்பட வேண்டாமாம். நல்லாச் சரிஞ்சு படுத்துக்கோணுமாம் அம்முணி" என்றேன். எழுபது வருஷம் கேரளத்தில் இந்த ஊரில்தான் இருக்கிறேன், இந்த மலையாளம்கூடத் தெரியாதா?

11-1-2025

பரண்மேல் கிடந்த ஈசிச்சேரை இறக்கினேன். துணி கிழிந்திருந்தது. புதுத் துணி வாங்கி, நானே மாட்டி, கிருத்திகாவை உட்காரவைத்தேன். நன்றாகச் சரிந்து, காலை நீட்டிக்கொண்டு கிடந்தாள். பார்க்கவே நிறைவாக இருந்தது.

என் வீட்டுக்காரி சரஸ்வதிக்குத்தான் சந்தேகம். "ஏனுங்க, மலையாள டிவில ஆனை சரிஞ்சுதுன்னு சொன்னா ஆனை செத்துப்போச்சுன்னு அர்த்தம். மாசமா இருக்கற புள்ளயப் போயி அந்த நர்ஸு எதுக்குங்க சரியச் சொல்றா?"

"ஆனைக்கு ஒண்ணு, மனுசனுக்கு ஒண்ணு. உனக்கு மலையாளம் வராது, உடு" என்றேன்.

14-1-2025

பொங்கல். கிருத்திகா கோலம் போடுகிறேன் என்று எழுந்தாள். விடவில்லை. ஈசிச்சேரை வாசலுக்கே தூக்கிவந்து போட்டேன். அதில் கிடந்தபடி எல்லோரையும் வேலை ஏவினாள்.

22-1-2025

இடுப்பு வலிக்கிறது என்கிறாள். குழந்தை நெஞ்சுக்குக் கீழே முட்டுகிறதாம். அதுதான் தலை. தொட்டுக் காட்டினாள். தேங்காய் மாதிரி கடினமாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

சாயங்காலம் பொள்ளாச்சிக்குப் போன் பேசிவிட்டு அழுதாள். "கத்தி வெக்காமப் பொறக்கோணும்ப்பா. எனக்கு அது ஒண்ணுதான்" என்றாள். இன்னும் கொஞ்சம் சரிஞ்சு படு கண்ணு என்று சொல்லி, சேரின் கட்டையை ஒரு பல் கீழே இறக்கிவிட்டேன்.

27-1-2025

இன்றைக்கு நடந்ததை முழுதாக எழுதிவிட வேண்டும். பிழை இருந்தால் வாத்தியார் திருத்தட்டும்.

ஜிஸ்மி வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். வாசலில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள்.

"ஐயோ, இதெந்து கிடப்பு? ஞான் சரிஞ்ஞு கிடக்கான் அல்லே பறஞ்ஞது?"

"சரிஞ்சுதானுங்க கெடக்குது" என்றாள் சரஸ்வதி.

"இது சரிஞ்ஞல்ல!"

"இதுக்கு மேல எப்பிடிங்க சரியறது? கீழ உழுந்துருமுங்க."

ஜிஸ்மி பையைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் எங்கள் கட்டிலில் படுத்தாள். இடது பக்கமாகத் திரும்பி, முழங்காலை மடக்கி, இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொண்டாள். "இதா. இதாணு சரிஞ்ஞு" என்றாள்.

"அட, ஒருக்களிச்சு!" என்றாள் சரஸ்வதி. பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் மாட்டைப் பார்க்கப் போவதுபோல் எழுந்தேன். "நில்லுங்க" என்றாள். நின்றேன். "எனக்கு மலையாளம் வராது. உங்களுக்கு வந்துதாக்கும்?"

கிருத்திகா முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்றதும், "அப்ப இத்தன நாளு?" என்றாள்.

28-1-2025

ஈசிச்சேரை மடக்கி மாட்டுக் கொட்டகையில் வைத்தேன். வேறு எதுவும் எழுத வரவில்லை.

30-1-2025

பக்கத்துத் தோட்டத்துக்காரி வந்து, வயிற்றைத் தடவித் திருப்புகிற அம்மா ஒருவர் இருக்கிறார், கூட்டிவரட்டுமா என்றாள். எனக்கு ஆசை வந்துவிட்டது. குறுக்கே நின்ற கன்றை நானே ஒருதரம் உள்ளே கைவிட்டுத் திருப்பியிருக்கிறேனே. அதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"மாடும் என்ற புள்ளயும் ஒண்ணா உங்களுக்கு?" - சரஸ்வதி.

மூன்று பேரும் பஸ் ஏறி டாக்டரம்மாவிடமே போய்க் கேட்டோம். வீட்டில் யாரும் வயிற்றை அமுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடுமாம், இன்னும் நாள் இருக்கிறதாம். ஒருக்களித்துப் படுக்கலாம், நடக்கலாம், உட்காரும்போது நிமிர்ந்து உட்காரலாம். அதனால் கட்டாயம் திரும்பும் என்று சொல்ல முடியாது, ஆனால் கெடுதல் இல்லை. அப்படியும் திரும்பாவிட்டால் ஆஸ்பத்திரியில் வைத்து அவர்களே வயிற்றின்மேல் கைவைத்துத் திருப்பிப் பார்ப்பார்களாம். அதுவும் முடியாவிட்டால்தான் ஆபரேஷன்.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஈசிச்சேரைப் பற்றிக் கேட்டேன். டாக்டரம்மா சிரித்தார். "சேர்மேல பழி போடாதீங்க பெரியவரே. குழந்தை அதுக்கு முன்னாடியே உக்காந்துதானே இருந்துச்சு?"

ஆமாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

6-2-2025

கிருத்திகா வரப்பில் நடக்கிறாள். நான் பின்னாலேயே நடக்கிறேன். "நீங்க எதுக்குப்பா?" என்கிறாள். எனக்கும் நல்லதுதானே.

குழந்தைக்குக் கேட்குமாம். அதனால் பேப்பர் படித்துக் காட்டினேன். ஒரு பத்தி முடிக்க வெகுநேரம் ஆனது. "நீங்க படிச்சு முடிக்கறக்குள்ள அது பொறந்து பள்ளிக்கோடம் போயிரும்" என்றாள் சரஸ்வதி. குழந்தை ஓர் உதை விட்டது. உதை இன்னும் கீழேதான், அப்படியென்றால் தலை இன்னும் மேலேதான்.

12-2-2025

உதை கீழே.

17-2-2025

ஸ்கேன். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். சுவரில் இருந்த எழுத்துகளை எல்லாம் படித்தேன். எதுவும் மண்டையில் ஏறவில்லை.

ஜிஸ்மி கதவைத் திறந்து, "அப்பா, குஞ்ஞு திரிஞ்ஞு!" என்றாள்.

குஞ்ஞு என்றால் குழந்தை, அது தெரியும்; குழந்தை எப்படித் திரியும்? எங்கள் வீட்டில் பால்தான் திரியும். திரிந்தால் கீழே கொட்டுவோம். ஆனால் இந்தத் தடவை மனசிலாயி என்று சொல்லவில்லை. எழுந்து நின்று, "எனக்குத் தெரியலைங்க. திரிஞ்சுதுன்னா என்னங்க?" என்று கேட்டேன்.

அவள் முஷ்டியை மேலே தூக்கிக் காட்டினாள். அதை மெதுவாகச் சுற்றிக் கீழே கொண்டுவந்தாள்.

"தலையா?" என்றேன்.

"தல" என்றாள். அது இரண்டு பாஷையிலும் ஒன்றுதான்.

உள்ளே கிருத்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சரஸ்வதி நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எந்த நாள் திரும்பியது, எதனால் திரும்பியது என்று யாருக்கும் தெரியாது. நான் பேப்பர் படித்தது கேட்டுத்தான் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

16-3-2025, ஞாயிறு

நாலு நாளாக எழுதவில்லை. கை ஓயவில்லை.

பெண் குழந்தை. தலைதான் முதலில் வந்ததாம். கத்தி வைக்கவில்லை. இனி இவளுக்கு நான் அப்புச்சி, அம்மாவைப் பெற்ற தாத்தா. அந்த 'ச்'சுக்குப் புள்ளி வைக்க மறக்கக் கூடாது.

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இப்போது உள்ளே கட்டிலில் கிருத்திகா ஒருக்களித்துப் படுத்துக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். கொட்டகையிலிருந்து ஈசிச்சேரைத் தூசி தட்டி எடுத்துவந்தேன். அதில் கிடந்துதான் இதை எழுதுகிறேன்.

என் மகள் மலையாளத்தில் சரிந்து கிடக்கிறாள். நான் தமிழில் சரிந்து கிடக்கிறேன்.